மச்சானின் நாற்காலி

இப்போதும்தான் மீன் வளர்க்கிறார்கள். தூளைத் தூவுவார்கள், செத்தால் சாக்கடைக் கானில் வீசிவிட்டு வேறு வாங்குவார்கள்.

யுத்தம் முடிந்த வருஷம் கொட்டாஞ்சேனையில் என் மச்சான் மஷூர் வளர்த்ததுதான் வளர்ப்பு. கப்பல்காரன் ஒருவன் கொடுத்த இறால் முட்டைகளை உப்புத் தண்ணீர்ப் போத்தலில் பொரிக்க வைப்பார். பொரித்து வந்த பூச்சிகள் எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் சிவப்பாகத் திரளும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து மீன்குஞ்சுகளுக்கு விடுவார். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனால் ஒரு முகம் காட்டுவார், வீடே சிரிக்கும்.

அவர் மௌத்தாகி அடக்கிய பிறகு அவர் பெண்சாதி, என் தங்கை றஸ்மியா அந்த நாற்காலிக்கு முன்னால் தேத்தண்ணி வைத்தாள், அதோடு கதைத்தாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்து, நாற்காலியை எடுத்துப்போக வந்தேன்.

“எடுக்காதீங்க நானா. அவர் இன்னம் அதிலதான் ஈக்கார். போத்தலப் பாருங்க.”

ஜன்னலில் நல்ல வெயில். பூச்சிகள் வெயிலை விட்டுவிட்டு, இருட்டில் கிடந்த நாற்காலியின் பக்கம் திரண்டு நின்றன.

“உப்புக் கூடிப்போச்சி.”

“அவர் போடுற அளவுதான் நானா.”

நாற்காலியைத் தூக்கி மறு மூலையில் வைத்தேன். சிவப்பு மெல்ல நகர்ந்து அந்தப் பக்கம் போனது. குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து பார்த்தால், எல்லாம் குசினிப் பக்கம்.

றஸ்மியா ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாற்காலியைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். “உப்புத்தான் கூட,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.