நல்ல நடிப்பு

தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகும் மெக்கானிக்கின் மனைவிக்குப் படத்தில் வந்த ராணுவ நீதிமன்றம் கண்ணிலேயே நின்றது.

“கர்னலுக்குப் பயந்து பொய்ச்சாட்சி சொன்னானே ஒரு சிப்பாய், என்னமா நடிச்சான். எச்சில் முழுங்கறதும் குரல் நடுங்கறதும்... பாவமா போச்சு.”

“நிஜத்துல குரலெல்லாம் நடுங்காது. சட்டுன்னு முடிஞ்சிடும்” என்றான் மெக்கானிக், தரையைப் பார்த்தபடி.

“ரொம்பத்தான் கண்டீங்க. ஆமா, இன்னிக்கு டிரைவர் அண்ணனுக்கு விசாரணையாச்சே, என்ன ஆச்சு?”

“வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. வண்டி மோதினது அவர் தப்புதானாம்.”

“அடப்பாவமே. பிரேக் பிடிக்கலை, வண்டியை வெளிய அனுப்பாதீங்கன்னு நீங்க மேனேஜர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே. சாட்சியே நீங்கதானே, அதைச் சொன்னீங்கல்ல?”

அவன் பைக்கை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.

“அந்த மனுஷன் வேலை போய் நிக்கறார், நமக்குப் படம் ஒரு கேடா? எதுக்குங்க டிக்கெட் எடுத்தீங்க?”

“நான் எடுக்கலை. விசாரணை முடிஞ்சதும் மேனேஜர் கூப்பிட்டுக் கொடுத்தார்.”

பைக் கிளம்பிவிட்டது. ஏறப் போனவள் அப்படியே நின்றாள்.

“உங்க குரல் கொஞ்சம்கூட நடுங்கலையா?”