காகிதம் மாதிரியே

'அப்பா வீட்டில் என் பங்கை அவனுக்கு எழுதித் தர மாட்டேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து எட்டிப் பார்க்காத தம்பி, பரிசோடு வந்து உட்கார்ந்திருக்கிறானே! இன்றைக்கு அடைமழைதான்' என்று நினைத்துக்கொண்டே அக்கா காபியை நீட்டினாள்.

"வீட்டுப் பேச்சை விடுக்கா. உனக்கு எழுதுறதுன்னா உயிராச்சே! இந்த டேப்லெட்ல எழுதிப் பாரு, காகிதம் மாதிரியே இருக்கும்."

அவள் பேனாவை எடுத்து ஒரு பூனை வரைந்தாள்.

"பூனை எதுக்கு? கையெழுத்து போட்டுப் பாரு. அப்பத்தான் பேனாவோட அருமை தெரியும்."

அவள் பூனைக்கு மீசை வைத்தாள். கொஞ்சம் கோணலாக வந்தது.

"ஒண்ணே ஒண்ணுக்கா! பேங்க்ல போடுவியே, அதே மாதிரி."

"ஏன்டா, நான் எங்க வேலை பாக்குறேன்னு தெரியுமா?"

"ஏதோ கடைன்னு கேள்வி. அது எதுக்கு இப்போ?"

அவள் பூனையைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் இருந்த பூனையை அப்படியே நகலெடுத்து, அடுத்த பக்கத்தைத் திறந்து, அங்கே ஒட்டினாள். கோணல் மீசைகூடக் கலையாமல் பூனை புதுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"இந்த டேப்லெட் விக்கிற கடைடா. தினமும் வர்றவங்களுக்கு இந்த வித்தையைக் காட்டுறதுதான் என் வேலை."

தம்பி காபிக்குள் எதையோ தேடினான்.

அவள் டேப்லெட்டை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கையெழுத்து வேண்டாம்டா. பூனையை வேணும்னா பத்திரத்துல ஒட்டிக்கோ."