போன வருஷத்து மார்க்

எழுபத்து மூன்றாம் வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். கட்டம் அப்படியேதான் இருந்தது. தண்ணீர் குடித்தால் நிரம்பிவிடுமா என்ன.

வயதானவர்களின் ஞாபகசக்தியை வருஷா வருஷம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு அது. முப்பதுக்கு இத்தனை என்று மார்க். முதல் வருஷத்திலிருந்து அதற்குக் கணக்குப் பார்ப்பவள் அவள்.

"வராதவங்களுக்குப் போன வருஷ மார்க்கையே போட்டு முடிச்சிடும்மா. சாயங்காலம் அனுப்பணும்." ஆய்வின் இயக்குநர் கதவோரம் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஒரு விஷயத்துக்காக அவரோடு அவள் போடாத சண்டை இல்லை. வராதவர்கள் சும்மா வராமல் இருப்பதில்லை. ஞாபகம் தேய்கிறவர்களுக்குத்தான் தேதி மறக்கிறது, வழி தவறுகிறது. அவர்களுக்குப் பழைய மார்க்கைப் போடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்பாள்.

அவளுடைய முறையே வேறு. அவர்களைப் போன்ற மற்றவர்களின் மார்க்கை வைத்துக் கணினியை ஐந்து முறை ஊகிக்கச் சொல்வாள். ஐந்தும் ஐந்து விதமாக வரும். நமக்குத் தெரியாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் இல்லையா.

இன்றும் ஊகித்தது. இருபத்தாறு, இருபத்து நான்கு, ஒரு தடவை இருபத்தொன்று கூட. ஐந்தில் ஒன்றும் போன வருஷத்து இருபத்தெட்டைத் தொடவில்லை.

வரிசையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் அந்த எண் யாரென்று அவளுக்குத் தெரியும்.

இருப்புக் கொள்ளவில்லை. அழித்துவிட்டு மறுபடி ஊகிக்க விட்டாள். இயக்குநர் சொன்னதே சரியாக இருந்துவிடக் கூடாதா என்று முதல் முறையாக மனம் அடித்துக்கொண்டது. இருபத்தெட்டு என்று தட்டினாள். உடனே அழித்தாள்.

கடைசியில் வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, வியாழக்கிழமை டெஸ்டுக்குப் போனீங்களே, எவ்வளவு வந்துச்சு?"

அன்று அவர் இருட்டிய பிறகு, சட்டையெல்லாம் வியர்வையாக வீடு வந்து சேர்ந்தார். கேட்டதற்குக் கூட்டம் என்றார். அவளும் அதை நம்பியிருந்தாள்.

போனில் அவர் சிரித்தார்.

"அன்னைக்கே சொன்னேனே. போன வருஷம் மாதிரியேதான். இருபத்தெட்டு."



"ஆமாங்க. நான்தான் மறந்துட்டேன்."