மூடவேண்டிய இடங்கள்

பிழைக்கப் போன நாட்டுக்குள் வரும் ஃபேஷன் பத்திரிகைகளில் பெண்களின் தெரியக்கூடாத இடங்களை மார்க்கரால் கறுப்பாக்குவதுதான் தணிக்கைக் கிடங்கில் சவரிமுத்துவின் வேலை. பிரெஞ்சுப் பத்திரிகைக்கு ஒரு மார்க்கர் போதாது. ஜப்பான்காரிகள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வந்து அவன் கைக்கு ஓய்வு கொடுப்பார்கள். பிரேசில் பத்திரிகை வந்தால் முகம் மட்டுமே மிஞ்சும். நம் ஊர்ப் பத்திரிகையில் இடுப்பு ஒன்றுதான், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். எந்த நாட்டுக்காரி எதைக் காட்டுவாள் என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவான். அழகாக இருந்தாளா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்று வருடமாக அவனை நேரில் பார்க்காத மனைவி ஜெசிந்தா, தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய மஞ்சள் பட்டுப்புடவையில் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். "எப்பிடிங்க இருக்கு?" என்று குரலும் வந்தது.

"இடுப்பு தெரியுது. தோளும் தெரியுது" என்றான்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அதே படம் மறுபடி வந்தது. இடுப்பு, தோள், கழுத்து, முகம் எல்லாவற்றின்மேலும் ஃபோனிலேயே கறுப்பைப் பூசியிருந்தாள். முந்தானை ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் மட்டும் மிச்சமிருந்தது. கூடவே அவள் குரல்:

"இப்ப சரியாங்க?"

முதல் படத்தைத் தேடினான். அதை அழித்துவிட்டிருந்தாள். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாளா என்று யோசித்து யோசித்துப் பார்த்தான். பிறகு, மை ஏறிய கட்டைவிரலால் திரையிலிருந்த கறுப்பைத் தேய்க்க ஆரம்பித்தான்.