குழிக்குள் சித்திமார்

மார்கழிப் பனியில், ராட்சதத் தர்பூசணி போடுகிற பழைய குழியைத் திரும்பவும் வெட்டி, சாணமும் சாம்பலும் கொட்டித் தை பிறக்கட்டும் என்று ஆறவிட்டிருந்தார்கள். குழிமேட்டில் இருந்த துணிமுடிப்பில் அக்கா விதையும் தங்கச்சி விதையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் எவ்வளவு பெரிய வீடு பாத்தியா!" என்றது தங்கச்சி.

குழி சிரித்தது. "ரெண்டு பேருக்கா? போடுறப்ப ரெண்டையும்தான் போடுவாங்க. முளைச்சதும் திடமா இருக்கிற ஒண்ணை விட்டுட்டு, மத்ததைப் பிடுங்கி அதோட வேருக்கே எருவாப் புதைப்பாங்க. போன வருஷம் என்கிட்ட காய்ச்ச உங்கம்மா சும்மாவா அப்படிப் பருத்தா? உங்க சித்திமாரெல்லாம் என் மடியிலதான் இருக்காங்க."

தங்கச்சி அக்காவோடு இன்னும் நெருக்கி ஒட்டிக்கொண்டது. "நாம முளைக்கவே வேணாங்க்கா. சரியா?"

"சரிடி. நீ தூங்கு," என்றது அக்கா.

விடியக்காலைப் பனியில் துணி நனைந்தது. விலாவில் ஏதோ குறுகுறுக்க, தங்கச்சி கண் விழித்தது. அக்காவின் ஓடு லேசாகப் பிளந்திருந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு வேர் நீண்டு, தங்கச்சியின் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா?"

"இன்னும் விடியலடி," என்றது அக்கா. "தூங்கு."