ஓடிப்போனவர் செருப்பு

ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் லாரி டிரைவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாத்தியா? யாரோ ஷாக் தாங்காம செருப்பைக்கூட விட்டுட்டு ஓடியிருக்காங்க. வா, நாமளும் போயிடலாம்."

முன்னால் விடுவிடுவென்று ஏறிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேசாம வாங்க. உங்களுக்கு சுகர் வந்து எத்தனை வருஷமாச்சு! கால் நரம்பைப் பாக்காம முதலாளி சாவியைக் குடுக்க மாட்டாரு."

பாதம் மரத்துப்போனவனுக்கு, பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்பதே தெரியாது என்பது முதலாளியின் கட்சி. லாரியை விட்டால் டிரைவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

பரிசோதனை அறையில் ஒரு கட்டில், ஒரு திரை, நிறைய ஒயர், நடுவில் ஒரு டெக்னீஷியன். நரம்பில் லேசாகக் கரன்ட் விட்டு, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். மலைப்பாதையில் பிரேக் அறுந்த லாரியைக் காலை ஊன்றியே நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்பவர், கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பயத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மீசை? தம்பி, முதல்ல எனக்கு வச்சுக் காட்டுப்பா!"

மனைவி செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

டெக்னீஷியன் அவள் கணுக்காலில் கருவியை வைத்து அழுத்தினார். கரன்ட்டைக் கூட்டினார். ஒயரைத் தட்டிப் பார்த்தார். இன்னும் கூட்டினார்.

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

மானத்துக்குப் பயந்து டிரைவர் படுத்தார். முதல் ஷாக்குக்கே அவர் போட்ட அலறலில், வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். திரையில் கோடு துள்ளிக் குதித்தது.

"நரம்பு நல்லா இருக்கு அண்ணே. தாராளமா வண்டி ஓட்டலாம்" என்ற டெக்னீஷியன், "மெஷினும் நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

"நல்ல காலுக்கா இந்தக் கத்தல்? நான் மூச்சு விட்டேனா பாத்தீங்களா!" என்றாள் மனைவி.

"உங்களுக்கு சுகர் எவ்வளவும்மா?"

"எனக்கா? பாத்ததே இல்லப்பா. வீட்டுல ஒருத்தருக்கு இருக்கிறது போதாதா?"

டெக்னீஷியன் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

"அம்மா, இங்க உங்க செருப்பு ஒண்ணுதான் இருக்கு."