கதவோரச் சொம்பு

“வெள்ளியா இருக்கணும்னு இல்லண்ணா. வெள்ளி மாதிரி இருந்தா போதும்.”

கிறிஸ்டோபர் மஞ்சள் பையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆரணியில் முலாம் பூச வேண்டுமென்றால் எல்லோரும் சின்னக்கண்ணுவிடம்தான் வருவார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஏது உங்கிட்ட?”

“எங்க ஊட்டுதுதான். தறி ரூம் கதவு காத்துல அடிச்சிகினே இருக்கும். வனிதா இத முட்டுக் குடுத்து வெச்சிருந்தா. அந்த எடத்துல ஒரு செங்கல்ல வெச்சிட்டு எடுத்தாந்துட்டேன்.”

சொம்பின் அடி, தரையில் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. சின்னக்கண்ணு அதை நகத்தால் சுரண்டினார்.

“அது ஈயம்ணா. உள்ள பூசும்போது அடியிலயும் வழிஞ்சிருக்கும்” என்றார் கிறிஸ்டோபர், விவரம் தெரிந்தவராக.

“ஓஹோ. சரி, கதவுக்கு முட்டுக் குடுக்கற சொம்புக்கு எதுக்குய்யா வெள்ளி?”

வேறு வழியில்லாமல் கிறிஸ்டோபர் உண்மையைக் கக்கினார். அவருக்குச் செய்யார் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் போகவர சீட்டுக் கச்சேரி. கல்யாணத்தின்போது மனைவி வனிதாவுக்கு அவள் அப்பா கொடுத்த வெள்ளிச் சொம்பு பீரோவில் சும்மாதானே கிடக்கிறது என்று போன மாதம் அதைப் பந்தயத்தில் வைத்தார். ஜெயித்த கோகுல்ராஜ் அதே வாரம் கலசப்பாக்கத்தில் தங்கை கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்துவிட்டான்.

“ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்ணா. ‘தட்டு வரிசையில எங்கப்பா குடுத்த சொம்புதான் மொதல்ல இருக்கணும்’னு வனிதா சொல்லிகினே இருக்கா. அது இல்லன்னா மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடியே எம்மானம் போயிடும்.”

சின்னக்கண்ணு திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. சொம்பை எடுத்துக்கொண்டு முலாம் பூசும் மருந்துத் தொட்டிப் பக்கம் போனார்.

“சனிக்கிழமை வா.”

சனிக்கிழமை சொம்பு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கிறிஸ்டோபருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“எவ்ளோண்ணா ஆச்சு?”

“வெள்ளிக்கு ஒண்ணும் வேணாம். கழுவி பாலிஷ் போட்ட கூலி மட்டும் குடு.”

“எத்தினி நாளுக்கு நிக்கும்?”

“நீ சீட்டு ஆடாம இருந்தா உன் காலத்துக்கும் நிக்கும்.”

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷனா என்று உருகியபடியே கிறிஸ்டோபர் வண்டியைக் கிளப்பினார். வனிதா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சொம்பை பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். பாஸ்டர் ஜெபம் செய்தபோது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கிறிஸ்டோபர் மட்டும் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது மஞ்சள் தெரிகிறதா என்று அவருக்குக் கவலை.

மாப்பிள்ளையின் அம்மா சாரா சொம்பைக் கையில் தூக்கினார். கிறிஸ்டோபர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“நல்ல கனம். அந்தக் காலத்து வெள்ளி, தூக்கும்போதே தெரியுது!” என்றார் அந்தம்மா.

கிறிஸ்டோபருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சின்னக்கண்ணுவின் கைக்கு மோதிரமே போடலாம் என்று தோன்றியது.

வனிதா சொம்பை வாங்கினாள். கையில் கனம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தறி ரூம் கதவடியில் இருந்த செங்கல்லைப் பார்த்தாள். திரும்பி வந்து எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

விருந்தாளிகள் கிளம்பினார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்த கிறிஸ்டோபர், மானம் தப்பிய சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி மாட்டினார். சமையலறையில் வனிதா யாருடனோ போனில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

“சின்னக்கண்ணு அண்ணாங்களா? நாளைக்கி ரெண்டு சொம்பு எடுத்துகினு வரேன். போன வருஷம் பண்ணிக் குடுத்தீங்களே, அதே மாதிரிதாண்ணா. பித்தளைக்கு வெள்ளி முலாம், வெள்ளிக்குப் பித்தளை முலாம்.”